காராச்சர்மாவுக்கு எம்.எல்.ஏ. யார்?
(நம் தீவுகளின் தொகுதி எல்லைகள் குறித்து ஒரு விளக்கம்)

தமிழ்நாட்டிலிருந்து தீவுக்கு வரும் உறவினர்கள் இரண்டு மூன்று நாள் கழிந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்க உங்க எம்.எல்.ஏ. யாருங்க?" குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று நாம் புலம்புவதைக் கேட்டுவிட்டுத்தான் இப்படிக் கேட்பார்கள். "எம்.எல்.ஏ. கிடையாது" என்று பதில் சொன்னால் நம்பமாட்டார்கள். "அதெப்படி இல்லாம இருக்கும்?" என்பார்கள்.

தமிழ்வழிப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திய காலத்தில் மாணவர்களும் இதையேதான் என்னிடம் கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் சட்டமன்றம், சட்டமன்றத் தொகுதி, சட்டமன்ற உறுப்பினர் என்று ஒரு முழுப் பாடமே இருக்கும். பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, "ஆனால் நமக்கு இது இல்லை" என்று சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு குழப்பம் தெரியும். அந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் உண்டு என்பதைப் பின்னாளில் பலமுறை கண்டேன். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

தொகுதி எல்லை என்பது தேர்தல் காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும் சங்கதி என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் நம் குறையை யாரிடம் கொண்டுபோக வேண்டும், யார் அதைக் கேட்டாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோடுதான். விமான நிலையத்தைத் தாண்டிப் போகும் காராச்சர்மா, புரோத்ராப்பூர் பகுதிகளில் நம்மவர் குடும்பங்கள் பல இருக்கின்றன. (தலைநகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. வாய்ப்பழக்கம் கருதி இக்கட்டுரையில் போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன்.) இப்படிப்பட்ட ஒரு புறநகர்க் குடும்பத்தைச் சுற்றி எத்தனை கோடுகள் ஓடுகின்றன, எந்தக் கோடு இல்லை என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில், கோடு இருக்கும் இடத்தில் அது எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நமக்கெல்லாம் தெரிந்த சென்னைப் புறநகரையே எடுத்துக்கொள்வோம்.

பரங்கிமலைத் தொகுதியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1967 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் படுத்தபடியே வென்ற தொகுதி அது. 1971-இலும் அங்கேயே வென்றார். ஆனால் 1977 தேர்தலில் பரங்கிமலை என்று ஒரு தொகுதியே இல்லை. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நடந்த மறுவரையறையில் அது மறைந்து, ஆலந்தூர், தாம்பரம் என்ற தொகுதிகள் வந்தன. மலை அங்கேயேதான் இருக்கிறது; தொகுதிதான் போய்விட்டது!

அதற்கடுத்த மறுவரையறை 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தால் நடந்து 2008-இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் புறநகர் எவ்வளவு வீங்கிவிட்டது என்பதை அங்கே நிலம் வாங்கியவர்கள் அறிவார்கள். நகரின் உள்ளே ஆட்கள் குறைய, வெளியே பெருக, வில்லிவாக்கம், தாம்பரம் போன்ற தொகுதிகளில் வாக்காளர்கள் பல லட்சமாகிவிட்டார்கள். ஆகவே 2008-இல் பல்லாவரம், சோழிங்கநல்லூர், மதுரவாயல், மாதவரம், அம்பத்தூர், ஆவடி என்று புறநகரைக் கூறுபோட்டுப் புதிய தொகுதிகள் உண்டாக்கினார்கள். மொத்தம் 234 என்ற எண் மாறவில்லை. ஆகையால் இங்கே கூட்டியதை வேறெங்கோ குறைத்தாக வேண்டும்.

கணக்கு எளிதுதான். 2001-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234-ஆல் வகுத்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 2,66,700 பேர். இதற்குப் பத்து விழுக்காடு முன்பின் இருக்கலாம் என்பது ஆணையம் வைத்துக்கொண்ட அளவு. அதோடு சட்டம் இன்னும் சில நிபந்தனைகளைச் சொல்கிறது: தொகுதி முடிந்தவரை ஒரே நிலப்பரப்பாகச் சேர்ந்திருக்க வேண்டும்; ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்பைப் பார்க்க வேண்டும்; இருக்கிற நிர்வாக எல்லைகளை மதிக்க வேண்டும்; போக்குவரத்து வசதியையும் பொதுமக்கள் வசதியையும் கருத வேண்டும். வரைபடத்தில் இஷ்டத்துக்குக் கோடு போடுவதில்லை. இந்த நகராட்சி, இந்தப் பேரூராட்சி, இந்த இந்த வருவாய்க் கிராமங்கள் என்று பெயர்களை அடுக்கித்தான் தொகுதியை எழுதுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எழுதிய பெயர்கள் நிலைப்பதில்லை. தாம்பரம் தொகுதி என்றால் தாம்பரம் நகராட்சி, சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகள், சில கிராமங்கள் என்று எழுதப்பட்டிருந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. அந்தப் பழைய உள்ளாட்சிப் பெயர்கள் எல்லாம் அதற்குள் கரைந்துபோயின. மாவட்டமும் 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டாக மாறிவிட்டது. தொகுதிக் கோடு மட்டும் அசையவில்லை. பல்லாவரத்துக்காரரும் தாம்பரத்துக்காரரும் இன்று ஒரே மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார்கள். ஆனால் வெவ்வேறு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கிறார்கள். உள்ளாட்சிக் கோட்டை அரசு நினைத்தால் நகர்த்தலாம். தொகுதிக் கோட்டை மறுவரையறை ஆணையம் வந்துதான் நகர்த்த வேண்டும். அதன் ஆணை அரசிதழில் வந்துவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஆறரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள்; சென்னைத் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. இருவருக்கும் ஒரு எம்.எல்.ஏ.தான். புறநகரில் குடியிருப்பவர் ஓட்டின் எடை குறைந்துபோவது நாடெங்கும் உள்ள கதை. ஆனாலும் அங்கே எடை குறைந்த ஓட்டு ஒன்றாவது இருக்கிறது. நம் காராச்சர்மாவில் அந்தத் தராசே இல்லை.

இனி நம் தீவுக்கு வருவோம்.

பரங்கிமலையில் எம்.ஜி.ஆர். வென்ற அதே 1967 பொதுத்தேர்தலில்தான் அந்தமான் நிகோபார் மக்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முன் மூன்று மக்களவைகளிலும் நம் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். முதலாமவர் 1952-இல் நியமிக்கப்பட்ட நிகோபார்ப் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1965-இல் வந்த ஒரு சட்டம்தான் நேரடித் தேர்தலுக்கு வழி திறந்தது. 1967-இல் கே.ஆர்.கணேஷ் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு மனோரஞ்சன் பக்தா பல முறை. பிஷ்ணு பத ராய் 1999, 2009, 2014, 2024 ஆண்டுகளில். 2019-இல் குல்தீப் ராய் சர்மா. 2019-இல் வெற்றி வித்தியாசம் 1,407 ஓட்டுதான். "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது" என்று அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த ஒரே மக்களவைத் தொகுதிக்கு எல்லை வரைய ஆணையம் தேவைப்படவில்லை. கடலே எல்லை. வடக்கே லேண்ட்ஃபால் தீவிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டாலும் அவ்வளவு வராது. நடுவில் பத்துப் பாகைக் கால்வாய். 2024 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 3.15 லட்சம். அதாவது, சோழிங்கநல்லூரின் பாதிதான்! ஆனால் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் எங்கள் சக ஆசிரியர்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு மதியம் கிளம்பி மாலையில் சாவடி போய்ச் சேர்வார்கள். நாங்கள் கப்பலில் ஏறி, டோங்கியில் இறங்கி, அலை அடங்கக் காத்திருந்து போய்ச் சேர்ந்திருக்கிறோம். அதில் எனக்குக் கிடைத்த வாந்தி அனுபவம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

தொகுதியின் எல்லைக்குள் இருந்தும் ஓட்டே இல்லாத மக்களும் இங்கே உண்டு. வடக்கு சென்டினல் தீவு தொகுதிக்குள் இருக்கிறது. அங்கே சாவடியும் இல்லை, பட்டியலும் இல்லை. கிரேட் நிகோபாரின் ஷொம்பென் மக்களில் ஏழு பேர் 2024-இல்தான் முதன்முதலாக வாக்களித்தார்கள். ஜாரவா மக்களில் 19 பேருக்கு 2025 ஜனவரியில் வாக்காளர் அட்டை வழங்கப்பட்டது. கோட்டுக்குள் இருப்பது வேறு, பட்டியலில் இருப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த வேறுபாடு நம் குடும்பங்களுக்கும் பொருந்தும்; அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டமன்றம் ஏன் இல்லை? 1956 நவம்பர் 1 முதல் நாம் யூனியன் பிரதேசம். 1962-இல் அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் 239அ என்ற பிரிவைச் சேர்த்து, சில யூனியன் பிரதேசங்களுக்குச் சட்டமன்றம் அமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுச்சேரி இவை அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தமான் இல்லை. மற்றவை ஒவ்வொன்றாக மாநிலங்களாகிவிட, இன்று அந்தப் பிரிவில் எஞ்சி நிற்பது புதுச்சேரி மட்டும்தான். நமக்கு வேறொரு பிரிவு, 240. நம் தீவுகளுக்குக் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைகள் பிறப்பிக்கலாம் என்கிறது அது. சென்னைக் கோட்டையில் எம்.எல்.ஏ.க்கள் கை தூக்கி நிறைவேற்றும் சட்டங்களின் இடத்தில் இங்கே டெல்லியிலிருந்து ஒழுங்குமுறை வரும். நம்முடைய பஞ்சாயத்து ஒழுங்குமுறையும் நகராட்சி ஒழுங்குமுறையும் 1994-இல் அப்படி வந்தவையே.

சட்டமன்றம் இல்லாததன் விளைவு இன்னும் இரண்டு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மாநிலங்களவையில் நமக்கு உறுப்பினர் இல்லை. தீவின் வரவுசெலவுத் திட்டம் இங்கே விவாதிக்கப்படுவதில்லை; மத்திய உள்துறையின் கணக்கோடு நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ஆக, ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தமிழாசிரியர் பணியிடம் வேண்டும் என்றால்கூட, அதைச் சபையில் எழுந்து கேட்பதற்கு உரியவர் ஒரே ஒரு எம்.பி.தான்.

"நாம சின்ன ஜனத்தொகை, நமக்கு எதுக்கு சட்டசபை?" என்று நம்மவர்களே சிலர் கேட்பதுண்டு. சின்னது என்றால் எவ்வளவு சின்னது? 2011 கணக்கில் நாம் 3,80,581 பேர். புதுச்சேரி 12,47,953 பேர். அங்கே தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 30. கேரளக் கரையில் தனியே கிடக்கும் மாஹே புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். ஒன்பதே சதுர கிலோமீட்டர், 41,816 பேர். அவர்களுக்கு ஒரு எம்.எல்.ஏ. உண்டு. தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பது மாஹேக்குத் தடையாகவில்லை.

புதுச்சேரி அளவுகோலையே நமக்கு வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு சமயம் வகுப்பில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது என் கணக்கு, அரசுக் கணக்கல்ல. புதுச்சேரியில் தொகுதிக்குச் சராசரி 41,600 பேர். அப்படியானால் நமக்கு ஒன்பது தொகுதிகள். தொகுதிக்கு ஏறத்தாழ 42,300 பேர். தெற்கு அந்தமான் மாவட்டத்தில் 2,38,142 பேர், வடக்கு நடு அந்தமானில் 1,05,597, நிகோபாரில் 36,842. வகுத்தால் முறையே 5.6, 2.5, 0.87 என்று வருகிறது.

எண்ணைப் பார்த்தால் சுலபம். கோடு போடப் போனால்தான் சங்கடம் தெரியும். நிகோபாருக்கு ஒன்று என்று விட்டுவிடலாம். சராசரியைவிடக் குறைவுதான், ஆனால் பத்துப் பாகைக் கால்வாயைத் தாண்டி யாரை அதோடு சேர்ப்பது? வடக்கு நடு அந்தமானின் அந்த அரைத் தொகுதிதான் பெரிய வில்லங்கம். பாராட்டாங் பக்கத்து மக்களைத் தெற்கோடு சேர்த்தால் நடுவில் ஜாரவா ஒதுக்குக்காடு. அங்கே டிரங்க் ரோட்டில் வாகனங்கள் குறித்த நேரத்தில் அணியாகத்தான் போக முடியும். சேர்க்காவிட்டால் ஒருவர் ஓட்டு கனக்கும், இன்னொருவர் ஓட்டு இளைக்கும். ‘போக்குவரத்து வசதி’ என்று சட்டத்தில் உள்ள இரண்டு சொல்லுக்கு இங்கே எவ்வளவு பொருள் பாருங்கள்.

போர்ட் பிளேரை எடுத்துக்கொண்டால், பழைய நகருக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இரண்டு தொகுதிகள் போக மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தோடு காராச்சர்மா, புரோத்ராப்பூர், அவற்றுக்கு அப்பாலுள்ள கிராமங்களைச் சேர்த்தால் ஒரு நல்ல புறநகர்த் தொகுதி அமைந்துவிடும். சாலை ஒன்று, பஸ் ஒன்று, தண்ணீர்ப் பிரச்சினை ஒன்று. பாம்பூஃபிளாட்டை என்ன செய்வது என்பதில்தான் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. சாத்தாம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறினால் சிறிது நேரத்தில் பாம்பூஃபிளாட். ஆகவே நகரத்தோடு சேர்க்க வேண்டும் என்றது ஒரு கட்சி. சாலைவழியில் கழியைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும், தாசில் கணக்கில் அது ஃபெரார்கஞ்ச், ஆகவே அதோடுதான் சேரும் என்றது மறு கட்சி. என் சொந்த அபிப்பிராயம் இரண்டாவது. ஃபெர்ரி காற்றுக்கும் மழைக்கும் கட்டுப்பட்டது. ஒரு தொகுதியை இரவில் பாலமில்லாத தண்ணீர் துண்டாக்கக்கூடாது. ஆனால் தினமும் அதே ஃபெர்ரியில் வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்னோடு வாதம் செய்யலாம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

இதெல்லாம் இல்லாத கோட்டைப் பற்றிய கணக்கு. இருக்கிற கோடு வேறு. காராச்சர்மா வீட்டுக்கு மிக அருகில் ஓடும் உண்மையான கோடு உள்ளாட்சிக் கோடுதான். அது 2015-இல் நகர்ந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காராச்சர்மா, புரோத்ராப்பூர், பத்துபஸ்தி, பாம்பூஃபிளாட் நான்கும் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்ற வகையில் வந்தன. ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை செய்ய வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேராவது இருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால் கணக்கெடுப்பாளர் அதை நகரம் என்பார். ஆனால் நிர்வாகத்தில் அது கிராமமாகவே இருக்கலாம். காராச்சர்மாவில் அப்போதே பதினாலாயிரம் பேருக்கு மேல். ஆட்சி செய்தது கிராமப் பஞ்சாயத்து, தலைவர் பிரதான். கணக்கில் நகரம், கவனிப்பில் கிராமம்.

2015-இல் போர்ட் பிளேர் நகராட்சியின் எல்லை விரிந்தது. அதுவரை 18 வார்டுகள், அதன்பின் 24. காராச்சர்மா, புரோத்ராப்பூர் பக்கம் நகராட்சிக்குள் வந்தது. அன்றுவரை பிரதானிடம் போனவர்கள் கவுன்சிலரிடம் போக வேண்டியதாயிற்று. வீடு கட்ட வரைபட அனுமதி நகராட்சியில் வாங்க வேண்டும், சொத்து வரியும் அங்கேதான். அப்போது நடந்துவந்த நூறுநாள் வேலைத் திட்டம் ஊரகத்துக்கு உரியது. நகராட்சி எல்லைக்குள் அதற்கு இடமில்லை. பஞ்சாயத்திலிருந்து பஞ்சாயத்து சமிதி, ஜில்லா பரிஷத் என்று மேலே போகும் படிக்கட்டும் இந்த மக்களுக்கு இல்லாமல் போயிற்று. நகராட்சி வாக்காளருக்கு ஜில்லா பரிஷத்தில் ஓட்டு கிடையாது. கோடு நகர்ந்ததில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. தனிகாரி அணையின் தண்ணீர் ஒழுங்காக வந்தால் வரியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்பது என் அனுபவம்!

பாம்பூஃபிளாட் அந்த விரிவில் சேரவில்லை. ஆகவே ஃபெர்ரியின் இந்தக் கரையில் இருப்பவருக்குக் கவுன்சிலர், அந்தக் கரையில் இருப்பவருக்குப் பிரதான். எம்.பி. மட்டும் இருவருக்கும் ஒருவரே.

இந்த வார்டுக் கோட்டை அற்பமாக எண்ணிவிடக்கூடாது. மக்களவைத் தேர்தலில் நாம் மூன்று லட்சத்தில் ஒருவர். 2011 கணக்கில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் தீவுகள் முழுவதும் ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம். நூற்றுக்குப் பதினைந்து பேர். பரவிக் கிடக்கும்போது அந்தப் பதினைந்து கரைந்துவிடும். ஒரு வார்டில் சில தெருக்களில் சேர்ந்திருக்கும்போது அதற்குக் குரல் வருகிறது. 2022 மார்ச்சில் நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பின் தெலுங்கு தேசம் கட்சியின் கவுன்சிலர் எஸ்.செல்வி நகராட்சித் தலைவரானார். அந்தத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகமும் ஒரு வார்டை வென்றது. எந்தக் கட்சி என்பது என் பேச்சல்ல. இத்தகைய சங்கதி நடக்கக்கூடிய இடம் வார்டு ஒன்றுதான் என்பதைக் காட்டவே சொன்னேன்.

கடைசியாக, கோட்டுக்குள் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் வேறு என்று முன்னே சொன்னதற்கு வருகிறேன். நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிழைப்பு இங்கே, ஓட்டு ஊரில். "பொங்கலுக்குப் போறோம், தேர்தலுக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று பெயரை ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ விட்டுவைப்பது. சிலர் இரண்டு இடத்திலும் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அங்க ஓட்டு இருந்தா எம்.எல்.ஏ.வும் உண்டு, எம்.பி.யும் உண்டு. இங்க மாத்தினா எம்.எல்.ஏ. போயிடும்ல?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு ஓட்டைக் கொடுத்துவிட்டு யார்தான் ஊர் மாறுவார்கள்?

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாது என்கிறது. எங்கே பதிவாக வேண்டும் என்றால், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில். 20-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். ஊரில் பூட்டிக்கிடக்கும் வீடு ஓட்டுக்குச் சாட்சியாகாது. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டிலும் நம் தீவுகளிலும் ஒரே நேரத்தில் நடந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் படிவம் வந்தபோதுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சே எழுந்தது. அப்பா ஊரில் கையெழுத்துப் போட, பிள்ளைகள் இங்கே போட, அம்மா எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் இருந்த வீடுகளை நான் அறிவேன்.

என்னைக் கேட்டால், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறோமோ அந்தக் கோட்டுக்குள் ஓட்டு இருக்கட்டும் என்பேன். ஊரிலுள்ள எம்.எல்.ஏ. நல்லவராகவே இருந்தாலும் காராச்சர்மாவின் சாக்கடைக்கு அவர் என்ன செய்ய முடியும்?

அடுத்த மறுவரையறையில் நமக்கும் எம்.எல்.ஏ. வந்துவிடுவார் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மறுவரையறை என்பது இருக்கிற சபையின் இடங்களைப் பங்கு போடும் வேலை. இல்லாத சபையை அதனால் உண்டாக்க முடியாது. அதற்கு நாடாளுமன்றம் அரசியலமைப்பிலேயே கைவைத்து நம் பெயரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். வாக்காளர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலில் உங்கள் பாக எண்ணைப் பாருங்கள். பாகத்தின் முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெரு, எந்தப் பகுதி அதில் அடங்கும் என்று எழுதியிருக்கும். தீவுக்குள்ளேயே வீடு மாறினால் மக்களவைத் தொகுதி மாறாது; ஆனாலும் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றினால்தான் பக்கத்துச் சாவடிக்குப் பெயர் வரும். நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் தேர்தல் நடத்துவது வேறு ஆணையம். அதற்குரிய வாக்காளர் பட்டியலும் வேறு. மக்களவைப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, வார்டுத் தேர்தலன்று சாவடியில் "உங்க பேர் இல்லையே" என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. வரைவுப் பட்டியல் வெளியாகும் நாட்களில் ஒரு நடை போய், வீட்டு எண்ணும் வார்டு எண்ணும் சரியா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள்.